பிரேமுக்கு வெளியே நின்ற தாய்மாமன்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் தொழிலில் ஈ ஓட்ட வேண்டியதுதான். கல்யாணம் கிடையாது, வீட்டில் நல்ல காரியம் எதையும் யாரும் தொட மாட்டார்கள். விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி ஒரு சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஒரு மாதம் முழுக்க என்னிடம் படம் எடுக்க வருகிறவர்களைவிடக் கேள்வி கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்த கேமராவைத் துண்டில் சுற்றி எடுத்து வருகிறவர், ஜவுளிக் கடையில் சேலை விரித்துக் காட்டிச் சலித்துப் போனவர், பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்துகொண்டு லீவு நாளில் கல்யாணம் எடுக்கலாமா என்று யோசிக்கிறவர். எல்லாரும் ஏறக்குறைய என் வயதுக்காரர்கள்தான். ஆனாலும் எல்லாரும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அண்ணே, எந்த லென்சு நல்லது?"

"லென்சு கிடக்கட்டும். செருப்பைப் பந்தல் வாசல்ல விடாதீங்க. பையில போட்டுக்கங்க. இல்லைன்னா வீட்டுக்கு வெறுங்காலோடதான் போவீங்க."

அவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. கொட்டாம்பட்டிப் பக்கத்து வெயிலில் வெறுங்காலோடு பஸ்ஸுக்கு நடந்து பார்த்தவனுக்குத் தெரியும். எப்போது சாப்பிடுவது என்று கேட்பார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தால் மாப்பிள்ளை வீட்டார் முறைப்பார்கள், கடைசிப் பந்தியில் ரசம்கூட மிஞ்சாது, நடுவில் யார் பின்னாலாவது புகுந்துவிடுங்கள் என்பேன். எங்கே நின்று எடுப்பது என்பார்கள். ஐயர் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் புகை நம் கண்ணுக்குத்தான் வரும், அழுதுகொண்டே எடுக்கப் பழகிக்கொள்ளுங்கள், பார்க்கிறவர்கள் பெண்ணுக்கு அண்ணன் முறை என்று நினைத்துக்கொள்வார்கள் என்பேன். பேச்சு எனக்கு நன்றாகவே வரும்.

அந்த டிராயிங் வாத்தியார் மட்டும் சிரிக்கிற ஆள் இல்லை. ஒருநாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தாலி கட்டுறத எடுக்காம என்னைக்காச்சும் விட்டிருக்கீங்களாண்ணே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "டீ ஆறுது, குடிங்க" என்றேன். அவர் குடித்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டார். அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. மாலை மாற்றுவதை விட்டுவிட்டால், "இன்னொரு தடவ மாத்துங்கம்மா" என்று சொல்லலாம், வெட்கப்பட்டுக்கொண்டே மாற்றுவார்கள். மோதிரத்தை மூன்று தடவைகூடப் போடச் சொல்லலாம். தாலியை மட்டும் அவிழ்த்துத் திரும்பக் கட்டு என்று சொல்ல முடியாது. சொன்னவன் முழுசாக ஊர் திரும்ப மாட்டான்.

விட்டிருக்கிறேன் என்றேன். எப்படி என்றார். மேளம் அடித்தார்கள், ஓடினேன், வந்து சேரவில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். முழுதாகச் சொல்ல அப்போது வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

கொட்டாம்பட்டியிலிருந்து திருச்சி ரோட்டில் கொஞ்சம் போய் வலது பக்கம் வயல்களுக்குள் இறங்குகிற ஊர். விவசாயக் குடும்பம். வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டிருந்தார்கள். காலையில் முதல் வேலையாகப் பெண்ணைத் தனியாக ஒரு படம் எடுப்பது என் வழக்கம். மற்றவர்கள் வந்து மொய்த்த பிறகு முகமே தெரியாது. வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் படப்புப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்தது. அங்கே நிறுத்தினேன். அந்தப் பெண் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, எங்க மாமா என் கையப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வருவாருல்ல, அத மட்டும் விட்டுறாதீங்க. மத்த படம் நல்லா வரலைன்னாலும் பரவாயில்ல."

தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைப்பது அந்தப் பக்கத்து முறை. இதில் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள். கிணற்றுப் பங்கில் அவள் அப்பாவுக்கும் மாமாவுக்கும் தகராறு. பல வருஷமாகப் பேச்சு இல்லை. கல்யாணப் பேச்சு எடுத்ததும் அவளே யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய் மாமா காலில் விழுந்திருக்கிறாள். நீங்கள் வந்து கையைப் பிடித்தால்தான் மணவறை ஏறுவேன் என்றிருக்கிறாள். அவரும் அழுதுவிட்டு, வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"வந்துட்டாரா?" என்றேன்.

"வாராரு வாராரு. மேலூர்ல மாலை வாங்கிட்டு வாராராம்." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அந்தச் சிரிப்போடேயே படத்தை எடுத்தேன்.

சொன்னபடியே அவர் வந்தார். ஒல்லியான மனிதர், வெளுத்த வேட்டி, தோளில் புதுத் துண்டு. இரண்டு கையாலும் ரோஜா மாலையை ஏந்திக்கொண்டு வந்தார். பின்னால் அவர் வீட்டுப் பெண்கள் சீர்த்தட்டுகளோடு வந்தார்கள். வாங்க என்று சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்கள். சொன்ன விதம்தான் தபால்காரரிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

கேள்வி கேட்க வருகிறவர்களுக்கு நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் போட்டோக்காரனுக்கு ஒரு மேனேஜர் தானாக முளைப்பார். யாரும் நியமிக்க மாட்டார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நாம் ஒன்று சொன்னால் அதை ஒன்பதாகக் கத்துவார். அவர் இல்லாமல் நூறு பேரை நகர்த்த முடியாது என்பதும் உண்மைதான். அன்றைக்கு அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் பெண்ணின் சித்தப்பா, அப்பாவின் தம்பி. தொண்டை என்றால் அப்படி ஒரு தொண்டை.

சீர்த்தட்டுகளை முன்னால் வரிசையாக வைத்து, நடுவில் பெண் உட்கார, சுற்றிலும் குடும்பம் என்று ஒரு குரூப் படம். அந்தக் காலத்தில் என்னிடம் இருந்தது குனிந்து பார்க்கிற கேமரா. மேல் மூடியைத் திறந்து தலையைக் கவிழ்த்து உள்ளே கண்ணாடியில் பார்க்க வேண்டும். குனிந்துவிட்டால் எதிரில் நிற்கிறவர் முகம் ஒரு தீப்பெட்டி அளவுதான். பெண்ணிடம், "தலையக் குனிஞ்சுக்கம்மா, நான் சொல்ற வரைக்கும் அசையாத" என்று சொல்லிவிட்டுக் குனிந்தேன். மாமா ஓரத்தில் கூட்டத்தோடு ஒட்டாமல் மாலையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பாதி உடம்புதான் கண்ணாடிக்குள் விழுந்தது. அவர் இல்லாமல் இந்தப் படம் எதற்கு?

குனிந்தபடியே சித்தப்பாவிடம் சொன்னேன். "அண்ணே, மாமா பிரேமுக்கு வெளிய நிக்கிறாரு, உள்ள வரச் சொல்லுங்க."

அதே நேரம் பார்த்து மேளக்காரர் ஆரம்பித்தார். சித்தப்பா காதில் எது விழுந்ததோ, எது விழ வேண்டும் என்று இருந்ததோ தெரியாது.

"மச்சான், வெளிய போங்க! போட்டோக்காரர் வெளிய போகச் சொல்றாரு!"

நான் தலையைத் தூக்கி, "இல்லண்ணே, உள்ள, உள்ள!" என்று கத்தினேன். தவிலுக்கு மேல் என் குரல் ஏறவில்லை. கையை ஆட்டினேன். அது போ போ என்று விரட்டுகிற மாதிரி இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. மாமா ஒரு தடவை எல்லார் முகத்தையும் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறினார். மாலையோடு அப்படியே திரும்பி நடந்துவிட்டார். பெண் தலை குனிந்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மேளம் நின்ற பிறகுதான் பந்தல் விழித்துக்கொண்டது. அவர் வீட்டுப் பெண்கள் தட்டுகளை விட்டுவிட்டு எழுந்தார்கள். பெண்ணின் அப்பா, "நான் கூப்பிட்டது பத்தாதா, பின்னாலயே போய்க் கால்ல வேற விழணுமா?" என்று உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா, "நான் என்னப்பா செஞ்சேன், அவரு சொன்னத நான் சொன்னேன்" என்று என்னைக் கை காட்டினார். நான் சொன்னது அது இல்லை என்று ஒவ்வொருவரிடமாகச் சொன்னேன். கல்யாண வீட்டில் போட்டோக்காரன் பேச்சை யார் கேட்கிறார்கள்? பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க சொன்னதுதானய்யா, நீங்களே போய்ச் சொல்லிக் கூட்டிட்டு வந்துருங்க. இங்க இருந்து எவனும் போக மாட்டான். எங்க அண்ணன் உங்க பேச்சக் கேட்கும். நேரம் இருக்கு, ஓடுங்க."

பெண் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

ஓடினேன். கழுத்தில் கேமரா, தோளில் பிளாஷ் பேட்டரிப் பெட்டி, இரண்டும் மாறி மாறி விலாவில் இடித்தன. வரப்பில் ஓடிப் பழக்கமில்லாத கால். மெயின் ரோட்டில் புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். மாலை கையில்தான் இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பிரேம் என்றால் என்ன, கட்டம் என்றால் என்ன, அதற்குள் அவர் பாதிதான் தெரிந்தார், அதனால்தான் உள்ளே வரச் சொன்னேன் என்று கேமரா மூடியைத் திறந்தே காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"தெரியும் தம்பி. நீ உள்ள வரச் சொன்னது என் காதுல விழுந்துச்சு."

"அப்புறம் ஏன்யா வந்துட்டீங்க?"

"அவன் வெளிய போன்னு சொன்னான். அங்க அம்புட்டுப் பேரு நின்னாங்க. ஒருத்தராச்சும் 'அட, நீங்க வாங்க மச்சான்'னு சொன்னாங்களா? என் தங்கச்சியும் அங்கதான நின்னா."

பிரேமைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வேன். இதற்குப் பதில் சொல்ல நான் யார்?

"அந்தப் புள்ளையுமே தலையத் தூக்கலையேப்பா" என்றார். கையிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, அது நான் சொன்னதுய்யா. அசையாதம்மான்னு நான்தான் சொன்னேன். படம் எடுக்கும்போது அப்படித்தான் சொல்லுவோம். அதுக்கு நடந்தது எதுவுமே தெரியாது. காலையில உங்களப் பத்தி மட்டும்தான் பேசுச்சு. நீங்க கையப் பிடிக்கிற படம் ஒண்ணு போதும்னுச்சு."

அவர் என் முகத்தையே பார்த்தார். பொய் சொல்கிறேனா என்று பார்த்திருப்பார். தூரத்தில் பஸ் தெரிந்தது. அருகில் வந்து, வேகம் குறைந்து, அவர் கை காட்டாததால் தாண்டிப் போய்விட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு எனக்கு முன்னால் வரப்பில் இறங்கி நடந்தார். நல்ல நடை. நான்தான் பின்னால் தடுமாறிக்கொண்டு வந்தேன். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முன்னால் ஓடிப்போய், அவர் மாலையோடு வயலுக்குள் வருகிற மாதிரி ஒரு படம் எடுத்தால் என்ன என்றுகூட நினைத்தேன்.

பாதி வயல் தாண்டியிருப்போம். கெட்டிமேளம் கேட்டது.

அவர் நின்றுவிட்டார். நானும் நின்றேன். அந்த மேளம் எதற்கு அடிப்பார்கள் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாக முழங்கி, குலவைச் சத்தம் கேட்டு, எல்லாம் அடங்கும்வரை இருவரும் வரப்பில் முன்னும் பின்னுமாக நின்றோம். பிறகு அவர் மாலையை மடியில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, வாங்க. வந்து ஆசீர்வாதமாச்சும் பண்ணுங்க."

"நீ போ தம்பி. உன் வேலையப் பாரு."

"உங்களத்தான் அது பாத்துக்கிட்டு இருக்கும்யா."

"போய்யா" என்றார். கெஞ்சுகிற குரல். அதற்கு மேல் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. கையைப் பிடித்து இழுக்க நான் அவருக்கு உறவா, சாதி சனமா? கேமராவைப் பிடித்துக்கொண்டு பந்தலைப் பார்த்து ஓடினேன். மாப்பிள்ளை வீட்டார் நல்ல நேரம் போகிறது என்று அவசரப்படுத்தியதும், சித்தப்பாவே பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்ததும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பந்தலுக்குள் நான் நுழைந்தபோது எல்லார் தலையிலும் அட்சதை இருந்தது. "எங்கய்யா போன, தாலி கட்டியாச்சு!" என்று சித்தப்பா கத்தினார். பெண்ணின் அப்பாவும் ஏதோ கத்தினார். நான் கேமராவைத் தூக்கினேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். புதுத் தாலியோடு அந்தப் பெண்ணும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பந்தல் வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை என்று தெரிந்தும் நானும் திரும்பிப் பார்த்தேன்.