சிலிண்டருக்கு வைத்த பொட்டு

எடப்பாடிப் பக்கம் எங்களுக்கு விசைத்தறிப் பட்டறை ஒன்று இருக்கிறது. எந்நேரமும் பஞ்சுத்தூசி பறக்கிற இடம். அதனால் தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர்கள் நான்கைச் சுவரில் மாட்டியிருந்தேன். வருடாவருடம் ஆயுத பூஜைக்கு முன்னால், சிலிண்டர் கடை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன் வந்து அவற்றைத் துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, காப்பி குடித்துவிட்டுப் போவார். பூஜையன்று தறிகளோடு சிலிண்டர்களுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பேன். மேலே வட்டமாக ஒரு கண்ணாடி இருக்குமே, சரியாக அதன்மேல். பொட்டு வைக்கத் தோதான நெற்றி அதுதான் என்று எனக்கு நினைப்பு.

கடைசித் தறி ஓட்டும் அக்கா ஒருநாள் தறியை நிறுத்திவிட்டு வந்தார். பக்கத்து ஊர்ப் பட்டறையில் தீப்பிடித்தபோது சிலிண்டரை அமுக்கினால் ஒன்றுமே வரவில்லையாம். "நம்முளுது வேலை செய்யுமாங்க? எனக்கு வாசல் தூரமுங்க" என்றார்.

"மச்சான் பாத்தது, அப்பறமென்ன?" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. மச்சானுக்குப் போன் போட்டு, அவருக்குச் சான்றிதழ் கொடுத்தது யார் என்று கேட்டேன்.

"நான்தானுங்க மாப்ள. நம்ம கடைப் பேருலயே அடிச்சு வெச்சிருக்கறேன்."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மனைவியிடம் சொன்னேன். "எங்கண்ணன் கோவிச்சா கோவிச்சுக்கட்டுமுங்க. அந்தக்கா நல்லபடியா ஊடு போய்ச் சேரோணும்" என்றாள். அவள் அப்படிச் சொல்லியிராவிட்டால் எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

சேலத்தில் ஒரு கம்பெனியை விசாரித்தேன். தங்களைச் சோதித்துச் சான்று தந்தது வெளி அமைப்பு என்றும், சான்று நம்பரைச் சொல்லி அந்த அமைப்பிடமே கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். கேட்டேன். உண்மைதான்.

வந்தவர் ஒரு பெண். முதல் வேலையாக ஈரத்துணியால் பொட்டை அழித்தார். "பூஜைப் பொட்டுங்க அது!" என்று கத்தியே விட்டேன். அவர் கண்ணாடியைக் காட்டினார். உள்ளே முள் சிவப்பில் படுத்திருந்தது; சிலிண்டரில் அழுத்தமே இல்லை என்று அர்த்தமாம். நான்கிலும் அதே கதைதான். ஒன்றை வெளியே கொண்டுபோய் என்னையே அமுக்கச் சொன்னார். புஸ்ஸென்று ஒரு சத்தம், ஒரு கைப்பிடி தீயணைப்பு மாவு, அவ்வளவுதான். நான் கூனிக் குறுகிப் போனேன்.

நான்கையும் மாற்றினார். ஒன்றைக் கடைசித் தறிக்குப் பக்கத்திலேயே மாட்டி, அதை அமுக்க எல்லோருக்கும் பழக்கிவிட்டார்.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம், நடுவரிசை மோட்டாரில் பொறி பறந்து தூசி பற்றிக்கொண்டது. கடைசித் தறிக்கும் வாசலுக்கும் நடுவே தீ. நான் கைகால் ஓடாமல் நின்றேன். அக்கா சிலிண்டரை அமுக்கிக்கொண்டே, தலையிலிருந்து கால்வரை மாவாக, இருமியபடி வெளியே வந்தார். "நின்னு பாத்துட்டே இருக்கறீங்களே, கரண்ட நிறுத்துங்க!" என்று திட்டினார். அந்தத் திட்டைப் போல இனிப்பானது எதையும் நான் கேட்டதில்லை.

சேலத்துப் பெண்ணுக்குப் போன் செய்தேன். நன்றி என்று ஆரம்பித்து, அக்கா திட்டிய திட்டு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அதுவரை முறுக்கிக்கொண்டிருந்த மச்சானும் வந்து, கருகிய சுவரைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கிப் போனார்.

இந்த ஆயுத பூஜைக்கும் பழக்க தோஷத்தில் என் விரல் கண்ணாடிக்கே போயிற்று. பக்கத்தில் நின்ற அக்கா சட்டென்று மணிக்கட்டைப் பிடித்து, "கீழ வையுங்க சாமி" என்று இறக்கினார். அந்தக் கை சூடாக இருந்தது. பொட்டு வைத்துவிட்டு, சாமி கும்பிடும் சாக்கில் அந்தக் கையையும் சேர்த்துக் கும்பிட்டேன்.