நேராகப் போன டயர் தடம்

எனக்குக் கதை கட்டத் தெரியாது. சைக்கிளுக்கு டியூப் ஒட்டத் தெரியும், செயின் மாற்றத் தெரியும், அவ்வளவுதான். அதனால் இதில் ஒரு சொல் கூட நானாகச் சேர்த்ததில்லை. நாளும் நேரமும் அப்படியே ஞாபகம் இருக்கின்றன. 2023 ஓகஸ்ட் 19, சனிக்கிழமை.

என் பெயர் நளீம். எத்தாளைக்குக் கிட்ட, களப்பு என்கிற கடல்நீர் ஏரி ஓரமாக உள்ள ஒரு ரிசோட்டில் விருந்தாளிகளை மவுண்டன் சைக்கிளில் சுற்றிக் காட்டக் கூட்டிப் போவது என் வேலை. சிரிக்காதீர்கள். எங்கள் கற்பிட்டிப் பக்கத்தில் மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. மணல் மேடு இருக்கிறது, தென்னந்தோட்டம் இருக்கிறது, களப்பு இருக்கிறது. எங்கள் முதலாளி எட்டு சைக்கிளை வாங்கிப் போட்டுவிட்டார். மலையை நாங்கள்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று உடப்புப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஐந்து ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் கோசலா டீச்சர். முப்பத்தைந்து வயதிருக்கும். சைக்கிளைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது.

"சைக்கிள் ஓடத் தெரியும்தானே டீச்சர்?"

"சின்ன வயசில ஓடினது தம்பி. மறக்காதுதானே."

புதிய ஆட்களை முற்றத்தில் இரண்டு சுற்று ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. மற்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். நானும் விட்டுவிட்டேன்.

கிளம்புமுன் வழக்கமான பாடத்தைச் சொன்னேன். ஹெல்மட் பட்டியை இறுக்குங்கள். முன் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்காதீர்கள். பின்னுக்குத் திரும்பிப் பார்க்காதீர்கள், பார்த்தால் ஹாண்டிலும் கூடவே திரும்பிவிடும். கட்டுப்படுத்த முடியாவிட்டால் பக்கவாட்டில் விழுந்துவிடுங்கள், மணல்தான், ஒன்றும் ஆகாது. களப்புப் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். அங்கே கைவிட்ட இறால் குளம் ஒன்று இருக்கிறது. மேலே காய்ந்த தரை மாதிரித் தெரியும், உள்ளே முழுக்கச் சேறு. போன வருடம் அதில் இறங்கிய மாட்டைக் கயிறு போட்டும் எடுக்க முடியவில்லை.

5.05க்குப் புறப்பட்டோம். போகும்போது எல்லாம் நல்லபடி நடந்தது. திரும்பும்போதுதான் நான் புத்தி கெட்ட வேலை செய்தேன். கூட்டிப் போகிறவன் எப்போதும் கடைசியாக வர வேண்டும். யாரும் பின்தங்கிவிடாமல் பார்க்கத்தான் அது. வெளிச்சம் குறைகிறதே, மஃரிப் தொழுகைக்கு முன் ரோட்டைப் பிடித்துவிடுவோமே என்று நான் முன்னுக்குப் போய்விட்டேன்.

6.22. தார் ரோட்டில் நின்று எண்ணிப் பார்த்தேன். நான்கு பேர்தான்.

"கோசலா டீச்சர் எங்க சேர்?"

கடைசியாக வந்து நின்ற அருமைநாயகம் சேர் திரும்பிப் பார்த்தார். "எனக்குப் பின்னால வந்தவ. சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது."

டீச்சரின் போன் ரிசோட் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. மற்ற நான்கு பேரையும் ரோட்டோடு நேரே போகச் சொல்லிவிட்டு நான் வந்த வழியே திரும்பினேன். எல்லாம் என் பிழை என்று நன்றாகத் தெரிந்தது. தூரத்துப் பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தது.

6.38. வழி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தேன். போன் டோர்ச்சை அடித்துப் பார்த்தேன். ஒரு டயர் தடம் மட்டும் பிரிந்து போயிருந்தது.

களப்புப் பக்கமாக.

சைக்கிளில் ஏறி அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். பழக்கமில்லாதவர் மணலில் ஓடினால் தடம் பாம்பு போன மாதிரி நெளியும். டீச்சரின் தடமும் அப்படித்தான் நெளிந்து நெளிந்து போனது. ஓர் இடத்தில் விழுந்த அடையாளம் இருந்தது. கை ஊன்றிய தடமும் இருந்தது.

அங்கிருந்து தடம் நேராகப் போயிருந்தது.

அடிமட்டம் வைத்துக் கீறிய மாதிரி நேர். ஒரு விரல் அகலம் கூட அசையவில்லை. பத்து வருடமாக ஓடுகிற எனக்கே அந்த மணலில் அப்படி ஓட வராது.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். தடத்துக்கு இடப்பக்கம் கால் அடிகள் இருந்தன. வெறுங்கால். பெரிய கால். குதி பதியவில்லை, விரல்கள் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தன. சைக்கிள் பழக்கும்போது சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார்களே... அப்படி ஓடிய கால்.

யாரோ மீன்பிடிக்கிற ஆள் உதவி செய்திருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் உதவி செய்கிறவர் ஏன் குளத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போக வேண்டும்?

6.47. வெளிக்கு வந்துவிட்டேன். காய்ந்த உப்புத் தரை. மரம் இல்லை, வீடு இல்லை. இருநூறு மீட்டர் தூரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. எல்லாச் சைக்கிளுக்கும் சீட்டின் கீழே நான்தான் அந்த விளக்கைப் பூட்டியிருந்தேன்.

"டீச்சர்! நில்லுங்க!"

விளக்கு நிற்கவில்லை.

நான் மிதித்தேன். முழுப் பலத்தோடு மிதித்தேன். தூரம் கொஞ்சம்தான் குறைந்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த விளக்கு விட்டு விட்டு எரிகிற வகை இல்லை. நின்று எரிகிற விளக்கு. ஆனால் தெரிந்தது... மறைந்தது... தெரிந்தது... மறைந்தது.

எனக்கும் விளக்குக்கும் நடுவில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

பயம் வந்தால் ஓதுகிற "ஆயத்துல் குர்ஸி"யை ஓதத் தொடங்கினேன். சிறு வயதிலிருந்து பாடமான ஓதல். பாதியில் மறந்துபோனது.

காற்று என் முதுகுப் பக்கமிருந்து அடித்தது. ஓகஸ்ட் காற்று, ஆளைத் தள்ளுகிற காற்று. முன்னால் யாராவது பேசினால் எனக்குக் கேட்க முடியாது. ஆனால் கேட்டது. காதுக்குள் சொல்வது போலக் கேட்டது.

"பின்னுக்குப் பாக்காதீங்க டீச்சர்... முன்னுக்குப் பாருங்க..."

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

என் குரல்.

டீச்சர் சிரித்தார். சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். சைக்கிள் இன்னும் வேகமாகப் போனது. அவருக்கு முன்னால் கறுப்பாக ஒரு கோடு. இறால் குளத்தின் வரம்பு.

6.52.

விளக்கு மறைவது நின்றுவிட்டது. இப்போது நன்றாகத் தெரிந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. அல்லாஹ்வே என்று மூச்சு விட்டேன்.

அடுத்த நொடி என் சைக்கிள் லேசானது.

நான் மிதிக்கவில்லை. கால்கள் சும்மா இருந்தன. சைக்கிள் போனது... நேராக...

சீட்டுக்குக் கீழே ஒரு பிடி. இறுக்கமான பிடி.

தப்... தப்... தப்... தப்...

வெறுங்கால் சத்தம். எனக்கு இடப்பக்கம்.

நான் திரும்பவில்லை.

விழுந்தேன். வேண்டுமென்றே விழுந்தேன். விழுந்தபடியே கத்தினேன்.

"விழுங்க டீச்சர்! விழுங்க! விழுங்க!"

சிவப்பு விளக்கு சாய்ந்தது.

சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். டீச்சரின் சைக்கிளின் முன் சில்லு பாதி சேற்றுக்குள் போயிருந்தது. டீச்சரின் ஒரு கால் முழங்கால் வரைக்கும் உள்ளே. மற்றக் கால் வரம்பில். இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து இழுத்தேன். செருப்பு மட்டும் சேற்றோடு போனது.

அவர் மூச்சு வாங்கினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தம்பி, திடீரெண்டு கையை விட்டுட்டீங்க?"

நான் அவர் காலில் அப்பியிருந்த சேற்றை வழித்துவிட்டேன்.

"விழுந்து கிடந்தனான். வந்து தூக்கிவிட்டு, இந்தப் பக்கம் லேசு எண்டு சொன்னது நீங்கதானே? எவ்வளவு தூரம் பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தீங்க. களைக்கலியா? நீங்க பிடிச்சதாலதான் எனக்குப் பயமே வரல்ல."

என் சைக்கிள் பின்னால் தூரத்தில் இருட்டில் கிடந்தது. அதை அவர் பார்க்கவில்லை. நான் இல்லை டீச்சர் என்று சொன்னால் அங்கேயே மயங்கி விழுந்துவிடுவார். அப்படியானால் நீ எங்கே இருந்தாய் என்று நாளைக்கு மனேஜர் கேட்பார். வேலை போய்விடும். இரண்டையும் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் இரண்டாவதைத்தான் கூடுதலாக யோசித்தேன்.

"ஓம் டீச்சர்" என்றேன்.

7.40க்கு ரிசோட்டுக்கு நடந்து வந்து சேர்ந்தோம். வழி தவறிவிட்டார், கூட்டி வந்துவிட்டேன் என்று சொன்னேன். எல்லோரும் என்னைத் தட்டிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை புறப்படுமுன் டீச்சர் என்னிடம் வந்து, தனக்கு எந்தச் சைக்கிள் சரிவரும் என்று கேட்டார். பயம் விட்டுப் போனதாம். இருபத்தாறு இஞ்சி லேடீஸ் சைக்கிள் போதும் என்று நானே கடையும் சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரையும் நான் அந்த வழியில் கூட்டிப் போகவில்லை. டயர் பஞ்சராகிறது என்று சாட்டுச் சொல்லித் தப்பிக்கொண்டேன்.

நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. மாலை 4.16. போனில் ஒரு குரல் செய்தி வந்தது.

"தம்பி, கோசலா டீச்சர் பேசுறன். சைக்கிள் வாங்கி ஒரு மாசமாகுது. ஒவ்வொரு நாளும் அதிலதான் பள்ளிக்கூடம் போறன். எவ்வளவு லேசு தெரியுமா? எதிர்க்காத்தில போனாலும் மிதிக்கிற மாதிரியே இல்ல. இண்டைக்கு ஒரு பகிடி. எங்கட பள்ளிக்கூட வாச்சர் பரமலிங்கம் அண்ணன் என்னைக் கூப்பிட்டுச் சொல்றார், 'டீச்சர், இப்ப நல்லா ஓடுறீங்கதானே, உங்கட மாப்பிள்ளையை இனி ஓடி வர வேணாமெண்டு சொல்லுங்க. பாவம், ஒவ்வொரு நாளும் சீட்டைப் பிடிச்சுக்கொண்டு கேட் வரைக்கும் ஓடி வாறார், கால்ல செருப்புமில்ல' எண்டு. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல்ல தம்பி! அவருக்குக் கண் மங்கிப் போச்சு போல."

சிரித்துக்கொண்டே முடித்திருந்தார்.

அன்றைக்கு அந்த வரம்பில் வைத்து உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் சைக்கிள் பக்கமே போயிருக்க மாட்டார். செய்தியை நான்கு தடவை கேட்டுவிட்டேன். இன்னும் பதில் அனுப்பவில்லை.