வயிற்றுப்போக்கும் பெண்கள் ஃபைனலும்

1. ரிலீஃப் வரவில்லை

மத்தியானம் ஷிஃப்ட் மாறுகிற நேரம். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நான் ஷிஃப்ட் இன்சார்ஜ். கேட்டுக்கு வெளியே டிரெய்லர்கள் வரிசைகட்டி ஹாரன் அடிக்கின்றன. சாயங்காலத்துக்குள் பெட்டிகள் துறைமுகத்துக்குள் போகாவிட்டால் கப்பல் கிளம்பிவிடும். அந்த நேரம் பார்த்து, அடுத்த ஷிஃப்டுக்கு வரவேண்டிய டில்லி போன் செய்தான்.

"மேடம், வவுத்தால போவுது மேடம். காத்தாலேர்ந்து படுத்துக்கினே கீறேன்."

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ மைக்கில் வீராங்கனைகளை மைதானத்துக்கு அழைப்பது கணீரென்று கேட்டது! வியாசர்பாடியில் அன்று பெண்கள் ஃபுட்பால் ஃபைனல். ஃபுட்பால் என்றால் டில்லிக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆனாலும் உடம்பு முடியவில்லை என்பவனை வா என்று எந்த இன்சார்ஜ் சொல்ல முடியும்? "ஓ.ஆர்.எஸ். குடிச்சிட்டுப் படு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன்.

டில்லி ஓட்டுவது ரீச் ஸ்டாக்கர். பெட்டியைத் தூக்கி டிரெய்லரில் வைக்கிற ராட்சத வண்டி. ரிலீஃப், அதாவது அடுத்த ஆள், வந்து ஏறும்வரை சீட்டில் இருப்பவர் இறங்கக் கூடாது என்பது யார்டு வழக்கம். அன்று காலை சீட்டில் இருக்கவேண்டியவர் வேணு. மத்தியானம் ஃபைனலுக்குப் போகவேண்டும் என்று அவரிடம் கெஞ்சி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மூர்த்தி. ஃபைனலில் கோல்கீப்பர் அவர் மகள் பவித்ரா.

வாக்கி டாக்கியில் மூர்த்தியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எம் பொண்ணு வழி பாத்துக்கினு இருப்பா மேடம்" என்றார்.

வேறு ஆளுக்கு எத்தனையோ பேரை அழைத்துப் பார்த்தேன். ஒருவரும் எடுக்கவில்லை.

2. பச்சை முகம்

டில்லி பிற்பாடு சொன்னது இது. சீட்டில் வேணு இருப்பதாக நினைத்திருக்கிறான். இருவருக்கும் ஆகாது. 'மாட்டட்டும்' என்று ஜாலியாக இருந்திருக்கிறான். மைதானத்தில் பவித்ரா கிளவுஸோடு ஓடிவந்து கேட்டிருக்கிறாள்.

"மாமா, அப்பா இன்னும் வர்ல. போன் பண்ணாரு, ரிலீஃப் ஆளுக்கு ஒடம்பு முடிலியாம். இன்னா பண்றது மாமா?"

அவ்வளவுதான். பைக்கை முறுக்கினான்.

முகமெல்லாம் பவித்ரா டீமின் பச்சைப் பெயின்ட், பச்சை ஜெர்சியோடு அவன் கேட்டில் வந்து நின்றபோது டிரெய்லர் டிரைவர்கள் விசில் அடித்தார்கள்.

"நின்னுடுச்சா வயித்துப்போக்கு?" என்றேன்.

"நின்னுச்சு மேடம். நான் ஏர்றேன், அண்ணனை எறக்குங்க."

"சிக் சொன்னவனை டாக்டர் சர்டிஃபிகேட் இல்லாம வண்டியில ஏத்த முடியாது. ரூல் தெரியுமில்ல?"

அவன் முகம் தொங்கிவிட்டது. பிறகு எல்லோரும் கேட்க, உரக்கச் சொன்னான்.

"நான் சிக்கே இல்ல மேடம். பொய் சொன்னேன்!"

"மெமோ வரும்டா. சஸ்பெண்டும் ஆகலாம்."

"ஆவட்டும். மேட்ச் ஆரம்பிச்சிருக்கும் மேடம்!"

மூர்த்தி இறங்கினார். அவனைத் திட்டக்கூட நேரமில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"பைக் சாவி குட்றா!"

3. பெட்டியை இறக்கு

இரண்டாம் பாதியில் மூர்த்தி போய்ச் சேர்ந்தார். ஆட்டம் சமனாகிப் பெனால்டிக்குப் போனது. அவர் எனக்குப் போனில் ஒவ்வொரு பந்தையும் கத்திச் சொல்கிறார். டிரைவர்கள் என்னைச் சூழ்ந்துவிட்டார்கள்.

"மேடம், இன்னா ஆச்சு?" வாக்கியில் டில்லி.

"பெட்டியை இறக்கு. அப்பதான் சொல்லுவேன்."

"கையெல்லாம் வேர்க்குது மேடம்!"

"இறக்குடா!"

பெட்டி டிரெய்லரில் பூப்போல உட்கார்ந்தது. "கடைசி பந்தைப் பவித்ரா புடிச்சிட்டாடா! கப்பு நமக்குத்தான்!" என்று கத்தினேன். ரீச் ஸ்டாக்கர் ஹாரன் அலறியது. வரிசையில் நின்ற டிரெய்லர்கள் எல்லாம் சேர்ந்து அடித்தன. பொய் சொல்லிவிட்டுப் பார்க்கப்போன மேட்சை டில்லி பார்க்கவேயில்லை.

மெமோவில் நானே கையெழுத்துப் போட்டேன். அதே கையோடு மேனேஜரிடம் சண்டையும் போட்டேன். வயிற்றுப்போக்குக்கு உடனே லீவு, மேட்சுக்குக் கிடையாது என்றால் ஆட்களுக்கு வயிற்றுப்போக்குதான் வரும் என்றேன். மேனேஜர் மெமோவோடு விட்டுவிட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொய்க் காய்ச்சல் கம்பெனியை ஏமாற்றுவதாகத் தோன்றும். அது விடிவது சீட்டில் இருக்கிறவர் தலையில். அவர் யார், அவருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்த ஃபைனலுக்கு முன்னால் டில்லி என் மேஜைக்கு வந்தான்.

"மேடம், ஒடம்பு சூப்பரா கீது. சனிக்கெழம மேட்ச் கீது. வேணு கைல காலுல வுழுந்து என் சீட்டுக்கு ஒத்துக்க வச்சிட்டேன். லீவு குடுங்க."

கொடுத்தேன்.