மஞ்சள் கொடிக்கு முன்னால் நின்ற மாமா

பழைய ரேஸ்காரர்களைப் பற்றி எங்காவது பேச்சு எழுந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. போன மாதம் பூந்தமல்லியில் ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் அப்படித்தான் ஆயிற்று. பக்கத்து இலைப் பையன் புதுசாக பைக் வாங்கியிருந்தான். மண்பாதையில் ஓட்டுவதே ஏதோ அவனுடைய காலத்தில் கண்டுபிடித்த சமாச்சாரம் மாதிரி அளந்துகொண்டிருந்தான். சாம்பார் வாளியோடு வந்தவரை நிறுத்தி வைத்துவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டேன். பருத்திப்பட்டுப் பால்காரரைத் தெரியுமா உனக்கு? திருமழிசைக் கண்ணாடிக்காரரைத் தெரியுமா? சரி போகட்டும், என் மாமாவையாவது தெரியுமா? பாவம், அவன் அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்துவிட்டான்.

பால்காரர் நிஜமாகவே பால் ஊற்றியவர். இரண்டு பக்கமும் கேன்களைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரை மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டி ஓட்டி, எதில் இறங்கினாலும் ஒரு சொட்டுச் சிந்தாத உடம்பு அவருக்கு வந்துவிட்டது. கண்ணாடிக்காரர் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். அதை ஹெல்மெட்டுக்குள் எப்படி நுழைத்தார் என்பது தேவரகசியம். மூன்றாமவர் என் அம்மாவின் தம்பி. மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை வேலை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு வண்டிக்கு லைட்டைக் கழற்றி, சைலன்சரை மேலே தூக்கிக் கட்டி, சேற்றைக் கவ்வுகிற பட்டன் டயர் மாட்டி, பெற்ற பிள்ளையைப்போல் பார்த்துக்கொண்டார். அந்த மூன்று பேரும் வந்துவிட்டால் மற்றவர்கள் நாலாவது இடத்துக்குத்தான் அடித்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். அதை அதிகமாகச் சொன்னது நான்தான்.

வட்டத்தில் சுற்றுகிற ரேஸ் இல்லை அது. ஏரி, வயல், வாய்க்கால், கருவேலங்காடு என்று நாள் முழுக்க ஓட்ட வேண்டும். வழியில் அங்கங்கே மஞ்சள் கொடி நட்டு, ஆட்கள் உட்கார்ந்து நேரம் குறிப்பார்கள். எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முதலில் வருகிறவன் ஜெயிப்பான் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். இதையெல்லாம் போய் யாராவது மாமாவிடம் கேட்பார்களா?

எனக்கு எட்டு வயது இருக்கும்போது மாமாவுக்குக் கல்யாணச் சிக்கல் வந்தது. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்த பெண்ணுக்கும் அவருக்கும் பஸ் ஸ்டாப்பிலேயே பிடித்துப்போயிருந்தது. இப்போது அவர்தான் எங்கள் அத்தை. அத்தையின் அப்பா ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கு ஊதிய பிறகு ஒரு நாள்கூட கேட்டுக்குள் நுழையாதவர் என்று பெயர். மாமாவைப் பற்றிச் சொன்னதும், "சேத்துல பொரள்றவனுக்கா எம் பொண்ணக் குடுக்கறது?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அத்தையும் லேசுப்பட்டவர் இல்லை. வந்த வரனையெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மா அவர்கள் வீட்டுக்கே போய், தம்பி ஓட்டுவதை ஒரு தடவை வந்து பாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் இந்தப் பேச்சையே விட்டுவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து மாமா ஜெயித்தால் அத்தை, தோற்றால் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. நான் தினமும் பள்ளிக்கூடம் போகிற வழியில் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டேன்.

அன்று கடைசி மஞ்சள் கொடி திருமழிசைக்குப் பின்னால், வயல் முடிகிற இடத்தில் இருந்தது. நாங்கள் புளிசாதமும் வடகமும் கட்டிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் பெரியவர் மகளோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எங்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். அம்மா நீட்டிய புளிசாதத்தைக்கூடத் தொடவில்லை.

முதலில் தெரிந்தது கண்ணாடிக்காரர். நான் நின்ற இடத்திலேயே இன்னொரு தோப்புக்கரணம் போட்டேன். ஆனால் அவர் கொடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்று, இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, சாவகாசமாகக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். வண்டி போச்சு, இனி நகராது என்று அப்பா தீர்ப்பு சொன்னார். நாங்கள் வெளியே காட்டிக்கொள்ளாமல் சந்தோஷப்பட்டோம். அதற்குள் மாமா வந்துவிட்டார். கண் மட்டும்தான் தெரிந்தது, மற்றதெல்லாம் சேறு. நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

மாமாவும் நின்றுவிட்டார். கொடி கூப்பிடு தூரம்கூட இல்லை, எட்டித் தொடுகிற தூரத்தில் இருந்தது. இன்ஜினை அணைத்தார், கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்திருந்தார். கெட்டது குடி என்று அப்பா முனகினார். அம்மா திருவேற்காட்டு அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். அத்தையின் கண் நிறைந்துவிட்டதை நான் பார்த்தேன்.

பெரியவரால்தான் தாங்க முடியவில்லை. கேட்டுக்கு வெளியே ஒருத்தன் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்து அவருக்குப் பழக்கமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி ஓடினார். மாமா கையைத் தூக்கிக் கடிகாரத்தைக் காட்டினார், ஹெல்மெட்டுக்குள் இருந்து என்னவோ சொன்னார். பெரியவருக்கு அது உதவி கேட்கிற மாதிரி தெரிந்திருக்கிறது. வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் வைத்தார்.

"வண்டி மக்கர் பண்ணுதா? கெட்டியா புடிச்சிகினு குந்து மாப்ளே, நா தள்றேன்."

அந்த வார்த்தை வேப்பமரம் வரைக்கும் கேட்டது. அம்மாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் மூச்சைப் பிடித்துத் தள்ள, மாமாவோடு வண்டி உருண்டு மஞ்சள் கொடியைத் தாண்டியது. நாங்கள் கைதட்டிக் குதித்தோம். கண்ணாடிக்காரர் மட்டும் பேயைக் கண்டவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கடிகாரத்தைப் பார்த்து, கொஞ்ச நேரம் பொறுத்து, கடைக்குப் போகிறவர் மாதிரி மெதுவாக உள்ளே வந்தார்.

நேரம் குறிக்கிறவர்தான் எங்கள் கூத்தை நிறுத்தினார். ஒவ்வொருவருக்கும் அந்தக் கொடிக்கு வர ஒரு நேரம் கொடுத்திருக்கிறார்களாம். பிந்தி வந்தால் தண்டனை, முந்தி வந்தால் அதைவிடப் பெரிய தண்டனை. அதனால்தான் கெட்டிக்காரர்கள் சீக்கிரமே வந்து, வெளியே நின்று, தங்கள் நிமிஷத்துக்குக் காத்திருப்பார்களாம். பெரியவர் அவரோடு மல்லுக்கு நின்றார். "லேட்டா வந்தா சம்பளத்துல புடிப்பான், சரி. சீக்கிரமா வந்ததுக்கு எந்தக் கம்பெனில தண்டன குடுக்கறான்?" எங்கள் அப்பாவும் எஸ்டேட் ஆள்தான், அதானே என்று சேர்ந்துகொண்டார். கோப்பை கண்ணாடிக்காரருக்குப் போனது, பால்காரர் இரண்டாவது, மாமா மூன்றாவது.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஹெல்மெட்டைக் கழற்றிய மாமாவோ சிரித்துக்கொண்டிருந்தார். தோற்றவர் சிரித்தால் என்ன அர்த்தம்? வெயிலில் மூளை குழம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். பெரியவர் சமாதானத்துக்கு சேமியா ஐஸ் வாங்கி நீட்டினார். வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவருடைய வெள்ளை வேட்டி முழங்கால் வரைக்கும் சேறாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வெற்றிலை பாக்குத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கோப்பையைத்தான் கெடுத்துவிட்டேன், பெண்ணையாவது கொடுத்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னார். கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப்பாவாடை கிடைத்தது. ஆனாலும் வெகுகாலம் இந்தக் கதையை நான் பெரியவரின் குற்ற உணர்ச்சியால் நடந்த கல்யாணம் என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்லூரி முடிக்கிற வருஷம் மாமா எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் இன்ஜின் அணைந்து நின்றுவிட்டேன். மாமா பின்னாலிருந்து தம் கட்டித் தள்ளினார், வண்டி அசையவில்லை. பிரேக்கை விடு பாப்பா, நீ மிதித்துக்கொண்டிருந்தால் பத்து ஆள் தள்ளினாலும் நகராது என்றார்.

காலை எடுத்தேன், வண்டி உருண்டது. மறுபடி மிதித்தேன், நின்றது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு அந்த வயசானவர் தள்ளும்போது நீ ஏன் மாமா மிதிக்கவில்லை என்று கேட்டேன்.

மாமாவுக்கு அப்போதும் அதே சிரிப்புத்தான் வந்தது.

"மாப்ளேன்னு கூப்ட்டாரு பாப்பா. அப்பறம் எங்கேர்ந்து மெதிக்கிறது?"