கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பரீதா ரீச்சர்

பள்ளிக்கூடத்துக்குப் போகச் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது கமலா ரீச்சர் தொலைபேசியில் அழைத்தார். "வசந்தி, பரீதா ரீச்சர் மோசம் போயிட்டாவாம்."

"எந்தப் பரீதா ரீச்சர்?" என்று கேட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரேயொரு பரீதா ரீச்சர்தான். கமலா ரீச்சர், "எங்கட பரீதா ரீச்சர்தான். பின்னேரத்துக்கு முன்னம் அடக்கமாம்" என்றார். அப்படி ஏன் கேட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை. அவரைப் பற்றி எனக்கு விளங்காதவற்றில் இது கடைசி. மற்றவற்றையும் எழுதிவிடுகிறேன். அவரோடு பழகிய உங்களில் யாருக்காவது விளங்கினால் நல்லது.

விஞ்ஞானம் படிப்பிக்க அவர் எங்களிடம் வந்த முதல் தவணையை நினைத்துப் பார்க்கிறேன். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவருடைய சிறு வயதில், இந்தத் தண்ணீரூற்றை விட்டுப் போன குடும்பம். புத்தளத்தில் வளர்ந்து, படித்து, கலியாணம் முடித்து, ஐம்பதை நெருங்கும்போது கணவரோடு திரும்பி வந்திருந்தார். வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஆசிரியர் அறையில் ஒரே பகிடி. "ரீச்சர், குளத்து மீன், கடல் மீன் எல்லாம் இங்க கிடக்கு. வீட்டுக்குள்ளையும் மீனோ?" என்று உடற்கல்வி ஆசிரியர் கேட்டார். பரீதா ரீச்சர் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே சொன்னார்: "குளத்து மீன் உங்களைத் திரும்பிப் பாக்குமோ, சேர்? இது பாக்கும்." அன்றிலிருந்து அவரோடு எனக்குச் சிநேகம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

மாரி முடிந்த ஒரு சனிக்கிழமை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். தொட்டியின் பின்கண்ணாடிக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும், ஒரு கை உதவி வேண்டும் என்றார். அந்தத் தொட்டியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். விறாந்தைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் உள்ள சுவரில் யன்னலுக்கென்று விட்ட ஒரு பெரிய இடைவெளி. அதை அடைத்தபடி தொட்டி. முன்கண்ணாடி விறாந்தைப் பக்கம், பின்கண்ணாடி அறைப் பக்கம். அறைக்குள் யாராவது நடந்தால் மீன்கள் வெருண்டு கற்களுக்குள் ஒளிந்தன. வருகிறவர்களுக்கு மீனோடு சேர்த்துப் படுக்கையும் தெரிந்தது.

நீலம் அடிப்போம் என்றேன் நான். எல்லோரும் நீலம்தானே அடிக்கிறார்கள். "நீலம் அடிச்சா நீலம்தான் தெரியும். கறுப்பு அடிச்சா மீன் தெரியும்" என்றார். கணவர் தன் கடையிலிருந்து கறுப்பு எனாமலும் இரண்டு தூரிகைகளும் கொண்டுவந்து வைத்திருந்தார். உட்பக்கம் பூசினால் மீன் செத்துவிடும் என்பதால், அறைக்குள் நின்று வெளிப்பக்கத்தில்தான் பூச வேண்டும். முதலில் கண்ணாடியை வினாகிரியால் துடைக்கச் சொன்னார். "வடிவாத் துடை வசந்தி. பூசினாப் பிறகு உன்ர கைரேகை முன்னுக்குத் தெரியும். பொலிசுக்கு லேசாப் போயிடும்."

நான் அறைக்குள் நின்று பூச, அவர் விறாந்தையில் நின்று எங்கே விடுபட்டிருக்கிறது என்று பார்த்துச் சொன்னார். எங்களுக்கு நடுவில் தண்ணீர், அதற்குள் ஏழெட்டு மீன்கள். தண்ணீருக்கு அப்பால் அவருடைய முகம் பெரிதாகத் தெரிந்தது. இடப்பக்கத்திலிருந்து பூசிக்கொண்டு வந்தேன். தோள் மறைந்தது, காது மறைந்தது. சிரிப்பாக இருந்தது. இன்னும் இரண்டு இழுவையில் முகமும் மறைந்தது. அந்த நேரத்தில்தான் கேட்டேன்.

"ரீச்சர், புத்தளத்தில உங்களுக்கு வீடு வாசல் எல்லாம் இருக்கு. மகளும் அங்கதான் படிக்கிறா. பிறகேன் இங்க இதுக்கெல்லாம் இவ்வளவு மினக்கெடுறியள்?"

நான் பார்த்துக்கொண்டிருந்தது நான் பூசிய கறுப்பை. சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "மேல் மூலையில கொஞ்சம் விடுபட்டிருக்கு."

நானும் இடம்பெயர்ந்து அலைந்தவள்தான். மற்றவர் வளவில் கொட்டில் போட்டிருந்த காலத்தில், "எப்ப பிள்ளை திரும்பிப் போவியள்?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். ஒரு நாள் அந்தக் கேள்விக்குப் பிறகு சோறு இறங்காமல் எழுந்து போயிருக்கிறேன். அது தெரிந்தும் கேட்டேன். நான் அப்படி நினைத்துக் கேட்கவில்லை. ஆனால் என்ன நினைத்துக் கேட்டேன் என்றும் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கு இஞ்சித் தேநீர் தந்தார். கறுப்புக்கு முன்னால் மீன்கள் உண்மையாகவே பளிச்சென்று தெரிந்தன. வழமைபோலத்தான் கதைத்தார் என்று நினைக்கிறேன். நோன்பு முடிந்து சில நாட்களில் நீண்ட விடுமுறை எடுத்தார். சுகமில்லை என்று மட்டும் தெரியும். என்ன வருத்தம் என்று யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு தடவை தொலைபேசியில் எடுத்து, வரட்டோ என்று கேட்டேன். இரண்டு தடவையும், "வேண்டாம் வசந்தி, வீடு குழம்பிக் கிடக்கு" என்றார். கமலா ரீச்சர் கேட்காமலே போய், தேநீரும் குடித்துவிட்டு வந்தார். அது எனக்குப் போதுமாக இருந்தது. என்னைத்தான் வேண்டாம் என்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் இருந்து பார்க்க, தொட்டிக்கு அப்பால் அறையும் கட்டிலும் தெரிந்தன. பின்கண்ணாடியில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. நான் பார்ப்பதைக் கண்டு அவருடைய கணவர் சொன்னார்: "கட்டிலை இந்தப் பக்கம் மாத்திப் போட்டது, ரீச்சர். படுத்துக்கொண்டு மீன் பாக்க வேணுமெண்டு சுரண்டினவா."

புத்தளத்திலிருந்து வந்து தாயோடு நின்ற மகள் தலையாட்டி மறுத்தாள். "இல்ல வாப்பா, கட்டில் பிறகுதானே மாத்தினது. சுரண்டினது அதுக்கு முந்தி. பிளேட்டால, ஒரு நாள் முழுக்க. நான் செய்றன் எண்டதுக்கும் விடேல்ல."

"ஏனெண்டு சொன்னவாவோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"வெளிச்சம் காணாதெண்டா. நல்ல வெளிச்சமாத்தான் இருந்தது, ரீச்சர்."

நான் கேட்டதற்காகச் சுரண்டினாரா, கட்டிலுக்காகவா, வெளிச்சத்துக்காகவா? மூன்றும் பொருந்தின, மூன்றும் பொருந்தவில்லை. எழுந்து வெளிக்கிட்டபோது மகள் படலை வரை வந்தாள்.

"உம்மா உங்களைப் பாத்துக்கொண்டே இருந்தா. மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டா, வசந்தியோ எண்டு பாரு என்பா."

"என்னை வரவேண்டாமெண்டெல்லோ சொன்னவா?"

"ஓம், எல்லாருக்கும் அப்படித்தானே சொன்னா." அந்தப் பிள்ளை என்னை விளங்காமல் பார்த்தாள். "வேண்டாமெண்டா வராம விடுவீங்களெண்டு அவா நினைக்கேல்ல போல."

எங்கள் பக்கத்தில் ஒருவர் வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேட்பதும், வர வேண்டாம் என்றால் போய்ப் பார்ப்பதும்தான் வழக்கம். யாரும் சொல்லித் தந்து அறிவதல்ல. அவர் ஒருவரிடம் மட்டும் நான் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். குற்றம் செய்தவளுக்கு அது வசதியாக இருந்தது. அவர் என்மேல் கோபமாக இருந்து பிறகு ஆறினாரா, கோபமே படவில்லையா, கோபத்தோடேயே பார்த்திருந்தாரா என்று கேட்க இனி ஆள் இல்லை.

பரீதா ரீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது இந்த ஒன்றுதான். போன கிழமை கமலா ரீச்சர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு வெடித்து வீட்டில் இருந்தார். எடுத்துக் கேட்டேன். "ஒருத்தரும் வரவேண்டாம், நான் நித்திரை கொள்ளப் போறன்" என்று வைத்துவிட்டார். போனேன். கதவைத் திறந்தவரின் முகத்தில் சந்தோசம் இல்லை. உண்மையாகவே நித்திரையில் இருந்து எழும்பி, ஊன்றுகோலோடு நொண்டி வந்திருந்தார்.

"வரவேண்டாமெண்டு சொன்னனான் எல்லே?"

"ஓம், சொன்னனீங்கள்" என்று சொல்லிக்கொண்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.