காதலனுக்கே தாயான ஐடெல்

1938 வசந்தத்தில் ஐடெல் விங்கேட்டுக்கு வயது முப்பத்தாறு; பத்திரிகைகளுக்குச் சொன்னது இருபத்தொன்பது. ஓமஹா நகரில் தொப்பிக் கடையில் நின்றவள், பேசாப்படக் காலத்தில் ஹாலிவுட்டுக்கு ரயிலேறி வந்து பதினோரு படங்களில் நாயகியாகிவிட்டாள். அந்த வசந்தத்தில் ஸ்டூடியோ அவள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தினமும் சல்யூட் அடித்த ஸ்டூடியோ வாசல் காவலாளி, "யாரைப் பார்க்கணும்மா?" என்று கேட்டபோதுதான் அது அவளுக்கு உறைத்தது.

"மூக்கைக் கொஞ்சம் சரிபண்ணிக்கிட்டா அஞ்சு வருஷம் ஓட்டலாம்," என்றான் ஏஜென்ட் மார்ட்டி.

"மூக்கு ஓடும், கழுத்து ஓடுமா? வேற என்ன இருக்கு?"

"ஒரு அம்மா வேஷம். சொல்லவே வாய் வரல."

"யாருக்கு அம்மா?"

மார்ட்டி ஜன்னலைப் பார்த்தான். "ராய்ஸ் டெல்மருக்கு."

ராய்ஸ் அவளைவிட இரண்டு வயது மூத்தவன். மூன்று படங்களில் ஜோடி. மழைக்காட்சி ஒன்றில் அவளைத் தூக்கிக்கொண்டு படியேறி, இடுப்புப் பிடித்து நாலு நாள் படுத்துக் கிடந்தவன்.

இரண்டு நாள் ஐடெல் கதவைத் திறக்கவில்லை. அழுதாள், தூங்கினாள், மறுபடி அழுதாள். மூன்றாம் நாள் மார்ட்டிக்கு ஃபோன் போட்டாள். "செய்றேன். சுருக்கம் மட்டும் வரைய வேண்டாம். இருக்கறதை மறைக்காம விட்டாலே போதும்."

படப்பிடிப்பில் ராய்ஸ் நெளிந்தான். "ஐடெல், உன்னைப் போய் எப்படி அம்மான்னு கூப்பிடுவேன்?"

"மூணு படத்துல 'கண்ணே'ன்னியே, அது மட்டும் நிஜமா? சும்மா கூப்பிடுடா மகனே!"

விளக்குக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிறையிலிருந்து மகன் வீடு திரும்பும் காட்சி. அம்மா கதறியழ வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். ஐடெல் அழவில்லை. சூப் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். மடங்கிக் கிடந்த அவன் காலரை நிமிர்த்திவிட்டாள். "சாப்பிடு, ஆறிடும்," என்றாள். ராய்ஸுக்கு வசனம் மறந்துபோய்க் கண்ணீர் கொட்டியது. இயக்குநர் 'கட்' சொல்ல மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு இருபது வருடம், அறுபதுக்கும் மேற்பட்ட அம்மாக்கள். ராய்ஸ் ஐம்பது வயதுவரை திரையில் இளைஞனாகவே காதலித்துக்கொண்டிருந்தான். அதைச் சொல்லி அவள் சிரிப்பாள், கொஞ்சம் எரிச்சலோடுதான்.

நாயகியாக இருந்தபோது வந்த கடிதங்களெல்லாம் கையெழுத்திட்ட படம் கேட்கும். போர்க்காலத்தில் வந்தவை வேறு மாதிரி. பசிபிக் கடலில் ஏதோ கப்பலிலிருந்து ஒரு சிப்பாய் எழுதியிருந்தான்: 'எனக்கு அம்மா இல்லை. உங்களுக்கு எழுதலாமா?'

எழுதச் சொல்லி அன்றைக்கே பதில் போட்டாள்.