புரட்டாசிக்குள் காய்ந்துவிடும்

மாமனார் சாப்பாட்டைத் தள்ளிவைத்த முதல் நாள் நான் இட்லியைச் சந்தேகப்பட்டேன். இரண்டாம் நாள் மாத்திரையைச் சந்தேகப்பட்டேன். மூன்றாம் நாள் என் மனைவி என்னைச் சந்தேகப்பட்டாள். அவள் சந்தேகம்தான் சரியாக இருந்தது.

அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, எங்கள் வீட்டு முன்னறையில் படுத்திருந்தார். டவுன் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். நின்றே சம்பாதித்த மனிதர். வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நல்லா சாப்பிடணும், எந்திரிச்சு நிக்கணும். படுத்தே கெடந்தா நெஞ்சுல சளி கட்டும். அதுக்கப்புறம் நம்ம கையில எதுவும் இல்ல” என்றார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, “சூப்பரா இருக்கீங்கன்னு டாக்டர் சொல்றாரு மாமா” என்றேன். பயம் வந்தால் என் வாய் தானாகச் சிரிக்கும். இதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருக்கிறேன், கல்யாணத்தில் திட்டு வாங்கியிருக்கிறேன், இன்னும் திருந்தவில்லை.

அந்த வாரம்தான் விறகு வந்து இறங்கியது.

கன்னிவாடிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் என் கூட்டாளி ஒருவன் கூடாரம் போட்டு வெளியூர்க்காரர்களைத் தங்கவைக்கிறான். இருட்டத் தொடங்கியதும் நடுவில் தீ மூட்டி, அவர்களைச் சுற்றி உட்காரவைக்க வேண்டும். கேம்ப் ஃபயராம். ஆரம்பத்தில் சீமைக்கருவேலம் வாங்கிப் போட்டுப் பார்த்தான். பிரியாணிக் கடைக்கு அதைவிட நல்ல விறகு கிடையாது. ஆனால் பற்றுவதற்கு அரை மணி நேரம் ஆகும், பற்றிவிட்டால் விடியும்வரை தணல் அடங்காது. வருகிறவர்களோ ஒன்பது மணிக்கே கொட்டாவி விடுகிறவர்கள்.

“எனக்குத் தணல் வேணாம்டா. கொழுந்துவிட்டு எரியணும். ஃபோட்டோவுல விழணும்” என்றான்.

அப்படியென்றால் மலைவேம்பு, மா மாதிரி கொஞ்சம் இளகின மரமாகப் பார்த்துப் பிளந்து காயவைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொன்னவன் தலையிலேயே வேலை விழுந்தது. நாகல் நகரில் ஒருவர் வீட்டை இழுத்துக் கட்டுவதற்காக இரண்டு மரங்களை வெட்டியிருந்தார், ஒன்று மா, ஒன்று மலைவேம்பு. இரண்டையும் ஒன்றேகால் அடி முண்டுகளாக அறுத்து, என் வீட்டை ஒட்டிய காலிமனையில் வண்டியோடு கொட்டிவிட்டுப் போனார்கள். சர்க்கரை குறைய உடம்பை வருத்தச் சொல்லி எனக்கும் உத்தரவு இருந்தது. பிளக்கிற வேலையை நானே ஏற்றுக்கொண்டேன்.

மலைவேம்பு நல்ல பிள்ளை. கோடாரியை ஓரமாக இறக்கினால் மறுபேச்சில்லாமல் இரண்டாகும். மா அப்படியில்லை. கணு இருக்கிற இடத்தில் கோடாரி போய் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்னும். ஆப்பு வைத்து, சம்மட்டியால் அடித்து, கெஞ்சி, திட்டித்தான் பிரிக்க வேண்டும். இரண்டிலும் தண்ணீர் அதிகம். பிளந்த கையோடு காற்றுக்குக் காட்டாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் மண்ணில் படாமல் செங்கல் பரப்பி, அதன்மேல் ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்கில், இடையில் விரல் நுழையும் சந்து விட்டு அடுக்கினேன். மேலே மட்டும் ஒரு தகரம், சுற்றிலும் திறப்பு. வெட்டுமுகத்தில் விரிசல் ஓட வேண்டும். இரண்டு கட்டையை மோதினால் ‘தொப்’ என்ற சத்தம் போய் ‘டங்’ என்று வர வேண்டும். அதுவரை பொறுக்க வேண்டும்.

காற்று நன்றாக அடிக்கிற இடமாகத் தேடி அடுக்கினேன். அது மாமா படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. அவ்வளவு பெரிய மனையில் எனக்கு அந்த இடம்தான் கிடைத்தது.

கூட்டாளி தினமும் ஃபோன் பண்ணி அவசரப்படுத்தினான். ஒரு நாள் காலையில் நானும் அடுக்கில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, நிபுணன் தோரணையில், ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னேன். “பொறுடா. இப்ப அவசரப்பட்டா வெறும் புகைதான் வரும். ஆடிக் காத்து அடிக்கட்டும். புரட்டாசிக்குள்ள நல்லாக் காஞ்சிரும். அப்புறம் ஜம்முனு எரிச்சுரலாம்.”

அன்று மத்தியானத்திலிருந்துதான் மாமா சாப்பிடவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு இல்லை.

மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டம்மா காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். குரல் துக்க வீட்டு அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

“அண்ணே, பெரியவருக்கு ரொம்ப முடியலையோ?”

“தேறிட்டு வர்றாரும்மா.”

“அது சரி. வெறகெல்லாம் இப்பவே அடுக்கிட்டிய. நல்லதுதான், அந்த நேரத்துல எவன் ஓடுறது? ஆனா இப்பல்லாம் கேஸ்லதான எரிக்கிறாக. நீங்க பழைய மொறைப்படியா?”

என் வாய் சிரித்தது. மற்ற உறுப்புகள் எல்லாம் நின்றுவிட்டன.

அந்தம்மா தலை மறைந்ததும் உள்ளே ஓடி அளவு டேப்பை எடுத்துவந்து அடுக்கை அளந்தேன். ஏன் அளந்தேன் என்று இன்றுவரை தெரியாது. சரியாக ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இடுப்பு உயரம். இதற்கு மேல் ஒரு மனிதரைத் தூக்கி வைப்பதுதான் பாக்கி. நான்கரை அடியில் நிறுத்தியிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

பதற்றத்தில் எனக்குத் தோன்றிய யோசனை, நீலத் தார்ப்பாயால் அடுக்கை முழுசாக மூடுவது. பச்சை விறகை அப்படி மூடினால் கெட்டுப்போகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவன் நான்தான். மூடினேன். பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் செங்கல் வைத்தேன். மனைவி வாசலில் நின்று, இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

“முன்னாடி வெறும் கட்டையாத் தெரிஞ்சுச்சு. இப்பப் போத்திவிட்ட மாதிரி இருக்கு. திருப்தியா?”

“நீயாவது அப்பாகிட்டச் சொல்லேன்.”

“நான் என்னன்னு சொல்ல? ‘அப்பா, அது உங்களுக்கு இல்ல’ன்னா? ஜன்னலுக்கு முன்னாடி அடுக்குனது நீங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க.”

அவள் கண் கலங்கியிருந்தது. மூன்று நாளில் அவர் வயிற்றுக்குள் போனது அரை டம்ளர் மோரும் மாத்திரைக்குக் குடித்த தண்ணீரும்தான். இருமும்போது நெஞ்சில் கரகரவென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்திருந்தது. டாக்டர் சொன்ன சளி அதுதானோ?

தட்டில் இட்லியோடு போய் உட்கார்ந்தேன். “சாப்பிடுங்க மாமா.”

“எதுக்கு மாப்ளே? அதான் புரட்டாசின்னு சொல்லியாச்சே.”

“யாரு சொன்னா?”

“நீங்கதான் ஃபோன்ல சொன்னீக. இப்ப அவசரப்பட்டா புகைதான் வரும், புரட்டாசிக்குள்ள காஞ்சிரும், அப்புறம் எரிச்சுரலாம்னு. தப்பா நெனைக்காதீக. சரியாத்தான் செய்றீக. பச்சைக் கட்டையில புகைஞ்சுக்கிட்டுக் கெடக்குறது எனக்கும் பிடிக்காது.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு நல்ல ஏற்பாட்டைப் பாராட்டுகிறவர் மாதிரி சொன்னார். நான் இட்லித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கன்னிவாடி, கூடாரம், வெளியூர்க்காரர்கள், கொழுந்து, ஃபோட்டோ என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப, காசு குடுத்துத் தீக்கு முன்னாடி உக்காருறாக.”

“ஆமா மாமா.”

“சமைக்கவா?”

“இல்ல மாமா. சும்மா.”

“மாப்ளே, டிக்கெட் எடுக்காதவன் சொல்ற பொய்யை முப்பது வருசம் கேட்டவன் நான். பர்ஸை வீட்ல வச்சிட்டேம்பான். இறங்குறவரு எடுப்பாரும்பான். அதையாச்சும் நம்பலாம். நம்ம ஊரு வெக்கையில காசைக் குடுத்துத் தீ காயுறானாம். பொய் சொன்னாலும் பொருந்துற மாதிரி சொல்லுங்க.”

வாழ்க்கையில் அபூர்வமாக நான் உண்மை பேசிய ஒரு நாள் அது.

அன்று மத்தியானமே லோடு ஆட்டோ பிடித்தேன். தார்ப்பாயை எடுத்தபோது மாங்கட்டைகள் வேர்த்து நனைந்திருந்தன. அத்தனையையும் நானே ஏற்றினேன். கூட்டாளி ஃபோனில் கத்தினான்: “டேய், தண்ணி சொட்டுது. இதை வச்சு நான் என்ன பண்ண?”

“எரி.”

“எரியாதுடா!”

“மண்ணெண்ணெய் ஊத்தியாவது எரி. எரிச்சுக்கிட்டே வீடியோ கால் போடு. எங்க மாமா உயிரு அதுலதான் இருக்கு.”

ஏழு மணிக்கு மேல் அழைப்பு வந்தது. ஃபோனை மாமா முகத்துக்கு நேரே பிடித்தேன். திரை முழுக்கப் புகை. கட்டை நுனிகளில் நுரை தள்ளிப் புஸ் புஸ்ஸென்று சத்தம். சுற்றிலும் அரைக்கால் சட்டை போட்ட ஏழெட்டுப் பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கைதட்டிப் பாடினார்கள். ஒரு பெண் இருமிக்கொண்டே தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டாள்.

மாமா வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “யாரு செத்தா?”

“யாரும் சாகல மாமா.”

“அப்ப எதுக்குப் பாடுறானுக?”

“சந்தோசமா இருக்காங்க.”

“இந்தப் புகையிலயா?” திரையை விரலால் தொட்டார். “இது நம்ம வீட்டுக் கட்டையா?”

“ஆமா மாமா. புரட்டாசி வரைக்கும் விட்டிருந்தா நல்லா எரிஞ்சிருக்கும்.”

நம்பிவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. நான் ஜெயித்தவன் மாதிரி அடுப்படிக்கு ஓடி இட்லியோடு திரும்பினேன். அவர் கையை நீட்டவில்லை.

“கட்டை கதை சரி. டாக்டர் என்ன சொன்னாரு?”

“சூப்பரா…”

“மாப்ளே.”

காத்திருந்தார். கதவருகே மனைவி நின்றிருந்தாள், அவளுக்கும் நான் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். சளி, நெஞ்சு, நம்ம கையில் இல்லை, எல்லாவற்றையும். சொல்லும்போது என் மூஞ்சி இளித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். அதை அடக்க நான் முயற்சி செய்யவில்லை, முயன்றால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

“இதைச் சொல்லவா இம்புட்டு நாளு?”

“பயமா இருந்துச்சு மாமா.”

“சன்னலைப் பாத்துக்கிட்டே மூணு நாளா கெடந்தேன். எனக்கு மட்டும் என்ன குஷியாவா இருந்துச்சு?”

ஒன்றரை இட்லி சாப்பிட்டார். மீதி அரையைத் தள்ளிவிட்டு, சட்னியில் உப்பு இல்லை என்றார். மனைவி அந்தக் குறையைக் கேட்டு அடுப்படியில் போய் அழுதாள்.

மறுநாள் காலையில் அவரை எழுப்பி நிறுத்தினோம். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான். கால் தரையில் பட்டதும் முழங்கால் இரண்டும் வெடவெடத்தன. மொத்த கனமும் என் தோளில் வந்து இறங்கியது. நெஞ்சில் அந்தக் கரகரப்பு அப்படியேதான் இருந்தது.

“விட்டா விழுந்துருவேனா மாப்ளே?”

எனக்கு வழக்கமான பதில் நுனிநாக்குவரை வந்துவிட்டது. முழுங்கினேன்.

“விழுந்துருவீங்க மாமா. நாங்க விடல.”

“ம்” என்றார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.